ஈசிஜி சொல்லாதது

ஐம்பதை நெருங்கும் ஒருவர், நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்கிறார்கள். அவர் அந்தத் தாளை மடித்து அலுமாரியில் வைக்கிறார். இனிச் சில வருடங்களுக்கு இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். திருகோணமலையில் இப்படி நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்தத் தாள் அப்படியொரு வாக்குறுதியைத் தரவே இல்லை.

இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் கலங்களினூடாக மின்னோட்டம் பரவுகிறது. உடம்பினுள் இருப்பது பெரும்பாலும் உப்புநீர் என்பதால் அந்த மின்மாற்றம் தோல்வரை எட்டுகிறது. கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு எனப் பத்து மின்வாய்களைப் பொருத்தி, பன்னிரண்டு கோணங்களிலிருந்து அதை வரைந்தெடுப்பதுதான் ஈசிஜி. இதைச் சாத்தியமாக்கிய நெதர்லாந்துக்காரர் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய காலத்தில் நோயாளி கை கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று ஒரு பதிவுக்குப் பத்து செக்கன் போதும்.

அந்தப் பத்து செக்கனில் தெரிவது தசையின் நிலை மட்டுமே. ஒட்சிசன் கிடைக்காமல் தவிக்கும் தசைக் கலங்களிலிருந்து பொட்டாசியம் கசிகிறது. காயம்பட்ட பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. தாளில் கோடு மேலேறியோ கீழிறங்கியோ காட்டுகிறது. பழைய தழும்பும், துடிப்பின் ஒழுங்கு குலைந்திருப்பதும், தசை தடித்திருப்பதும்கூடத் தெரியும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயின் உள்ளே எவ்வளவு கொழுப்புப் படிந்திருக்கிறது என்பது தெரியாது. ஓய்வில் படுத்திருக்கும்போது தசைக்கு இரத்தம் போதுமானால், குழாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தாலும் கோடு அழகாகவே ஓடும். அதற்காகத் தாளை எறிந்துவிட வேண்டாம். பின்னொரு நாள் நெஞ்சுவலி வந்தால், எது புதிய மாற்றம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியருக்கு அது உதவும்.

இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர் அகலமானவை. இவ்வளவு சிறிய குழாய்களை நம்பித்தான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கும் தசை இருக்கிறது. உடம்பின் மற்ற உறுப்புகள் ஓய்வில் தமக்கு வரும் ஒட்சிசனில் சராசரியாகக் கால்வாசியையே எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடினால் மிச்சத்திலிருந்து கூடுதலாக எடுக்கலாம். இதயமோ ஓய்விலேயே 70 சதவீதத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வேலை கூடினால் இரத்த ஓட்டம் கூடியே ஆகவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்குகிறது. இடது இதயவறைக்குப் பெரும்பாலான இரத்தம் கிடைப்பது அது தளரும் இடைவேளையில்தான். துடிப்பு வேகமாகும்போது முதலில் குறைவது அந்த இடைவேளை.

பிரெடரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் இதை நேரில் பார்க்கலாம். வழக்கமாக நடந்து ஏறியவர் இப்போது பாதி வழியில் நிற்கிறார். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போய்விடுகிறது. மான்களைப் பார்க்க நின்றேன் என்று வீட்டாரிடம் சொல்வதற்கு அங்கே வசதியும் இருக்கிறது! நடந்தால் வந்து நின்றால் போகும் இந்தப் பாரம், குழாய் பெரும்பாலும் 70 சதவீதம் அளவுக்கு ஒடுங்கிவிட்டதன் அறிகுறி. படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி பிடிக்காததை இந்த ஏற்றம் பிடித்துவிடுகிறது. ஓடும் பட்டியில் நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கும் சோதனையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

சரி, அந்தச் சோதனையிலும் தேறிவிட்டால்? இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. திடீர் மாரடைப்புகளில் பெரும்பகுதி, அதற்கு முன் இரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காத படிவுகளிலிருந்து வருகிறது. எல்டிஎல் எனப்படும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரோல் நாடியின் உட்சுவருக்குள் நுழைகிறது. வெண்கலங்கள் அதை விழுங்கிக் கொழுத்து அங்கேயே மடிகின்றன. அந்தக் கொழுப்புக் குழம்பின் மேல் நார்த்தோல் ஒன்று மூடுகிறது. தோல் தடிப்பாக இருந்தால் ஆபத்துக் குறைவு. அழற்சியால் அது மெலிந்து ஒருநாள் கிழிந்தால், உள்ளிருக்கும் குழம்பு இரத்தத்தைத் தொடுகிறது. காயம் என்று நினைத்து இரத்தம் உறைகிறது. காலையில் 40 சதவீதம் ஒடுங்கியிருந்த குழாய் மத்தியானத்துக்குள் முற்றாக அடைபட்டுவிடலாம்.

இந்தப் படிவு முதுமையில் தொடங்குவதும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படையினரின் இதயங்களைச் சோதித்து 1953இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 22 ஆக இருந்தும், நான்கில் மூவருக்கும் மேல் முடியுரு நாடிகளில் படிவின் தடயம் இருந்தது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகக் காட்டியது; மற்ற நாட்டவர்களுக்கு அது 59ஐ ஒட்டி. உலகெங்கும் மாரடைப்பு அபாயத்தின் 90 சதவீதத்தையும் ஒன்பது காரணங்கள் விளக்கிவிடுகின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு. புகைத்தல், கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

ஆகவே முற்கூட்டிய பரிசோதனை என்றால் குழாயைத் தேடிப் போவதைவிட, படிவின் மேலுள்ள நார்த்தோலைக் கிழிக்கும் காரணங்களை அளப்பதுதான் பயன் தரும். அழுத்தம் 140/90க்கு மேலா, வெறும் வயிற்றில் சீனி 126ஐத் தொடுகிறதா, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிறதா, புகைக்கிறாரா, கொலஸ்ட்ரோல் எவ்வளவு: இவற்றை வயதோடு சேர்த்து, அடுத்த பத்து வருட அபாயத்தை உலக சுகாதார நிறுவனத்தின் வர்ண அட்டவணையில் பார்த்துவிடலாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை அரச சுகாதாரப் பிரிவின் பரிசோதனை நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள். அங்கே பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். கடலுக்கும் கடைக்கும் போகும் ஆண்கள் வருவதில்லை. நேரம் இல்லை என்பார்கள். தேநீர்க் கடையில் அந்த நேரம் கிடைத்துவிடுகிறது.

அபாயம் கூடியவர்களுக்குத் தரும், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை குழாயைப் பெரிதாக அகலமாக்குவதில்லை. கொழுப்புக் குழம்பைச் சுருக்கி, மூடியிருக்கும் நார்த்தோலைத் தடிப்பாக்குகிறது. அழுத்தம் சரியாகிவிட்டது என்று கிளினிக் கொப்பியை மூடிவைத்து மருந்தை நிறுத்துகிறவர்கள் கவனிக்க: சரியாக இருப்பது மருந்தால்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் அந்த நார்த்தோல் கிழியலாம். அப்போது நமது ஊர்களில் முதலில் கேட்கும் சொல் ‘வாய்வு’. இஞ்சி, சோடா, முதுகைத் தட்டுதல் என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இந்த மயக்கத்துக்கு உடலமைப்பே காரணம். இதயத்தின் வலி நரம்புகளும் இடது கையின் உட்புறம், நெஞ்சுச் சுவர் ஆகியவற்றின் நரம்புகளும் முண்ணாணின் ஒரே மட்டத்தில் நுழைவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் அடிப்பகுதி வயிற்றுக்கு மேலேயே அமர்ந்திருப்பதால் அங்கே பாதிப்பு வந்தால் குமட்டலும் மேல்வயிற்று அழுத்தமும் வரும். நீரிழிவுக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். பெண்களுக்குக் களைப்பும் குமட்டலும் முன்னால் நிற்கலாம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் அழுத்தம், குளிர் வியர்வையோடு வந்தால் வாய்வு என்று யாரும் தீர்ப்பு வழங்கக் கூடாது.

முழு அடைப்பு வந்து இருபது முப்பது நிமிடங்களில் தசை இறக்கத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குழாயை பலூன் வைத்துத் திறப்பதே சிறந்த சிகிச்சை, 120 நிமிடங்களுக்குள் முடியுமானால். அதற்காகப் போவதானால், திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், கண்டிக்கு 180, கொழும்புக்கு 260. குச்சவெளியில் இருப்பவருக்கு இந்தக் கணக்கில் இன்னும் கொஞ்சம் கூடும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அந்தப் பக்கத்து நோயாளி படகுப் பாதைக்குக் காத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. தூரம் அதிகம் என்றால் உறைவைக் கரைக்கும் ஊசியை அருகில் உள்ள ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டுப் பிறகு அனுப்புவதுதான் முறை. 17,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 1988ஆம் ஆண்டின் ஒரு பெரிய ஆய்வில், ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சாதாரண அஸ்பிரினும் சேர்ந்து மரணங்களை 42 சதவீதம் குறைத்தன. முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே தூர ஊருக்கு ஓட நினைப்பதைவிட 1990ஐ அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைப்பது நல்லது. அது இலவசம், வழியில் இதயம் ஒழுங்கிழந்தால் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் உள்ளே இருப்பார்.

பிழைத்து வந்தவர்களுக்கு ஒரு விடயம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பக்ரீரியாவிலிருந்து எடுக்கப்படுவது. ஒருமுறை போட்டால் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கிவிடும். மறுமுறை அது வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். அடுத்த தடவை வேறு மருந்து தேவை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தரும் அட்டையில் எந்த ஊசி, எந்தத் திகதி என்று எழுதியிருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகும்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.