ஸ்கேனில் ஒன்றுமில்லை, நடைதான் தளர்கிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து அக்கா ஒருவருக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் இது, நிலநடுக்கோட்டுப் பக்கம் அபூர்வமான நோய். பெயரைச் சொன்னாலே விழிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ போய் மருந்து ஏற்றிக்கொள்கிறார். மூளை ஸ்கேனில் புதுப் புள்ளி எதுவும் இல்லை. ஆனால் போன தீபாவளிக்குக் கைவீசி நடந்தவர், இப்போது கோயில் படியேற தூணைப் பிடிக்கிறார். "மருந்து வேலை செய்யுதா தம்பி, சும்மா ஏத்துறாங்களா?" என்று கேட்டார்.

செய்கிறது, வாசலோடு சரி.

நரம்பிழைக்கு மேல் மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. நோயின் தொடக்கத்தில் ரத்தத்தில் திரியும் டி, பி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் மூளைக்குள் புகுந்து அந்த உறையைச் சிதைக்கின்றன. அக்காவுக்கு ஏற்றும் ஓக்ரலிசுமாப், ரத்தத்திலுள்ள பி செல்களைத் துடைத்துவிடும். புதுத் தாக்குதல் அடங்கும், ஸ்கேனும் சுத்தமாகத் தெரியும்.

நாள்பட்ட கட்டத்தில் சண்டை உள்ளேயே குடியேறிவிடுகிறது. மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோகிளியா, பழைய புண்களில் சிலவற்றின் ஓரத்தில் இரும்பைச் சுமந்தபடி கனன்றுகொண்டே இருக்கும். புண் மெல்ல விரியும். ஓக்ரலிசுமாப் ஓர் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், பெரிய மூலக்கூறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போவது சொற்பம். உறையிழந்த இழையோ சிக்னலைக் கடத்த அதிக சக்தி கேட்கும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்க முடியாதபோது இழையே சிதைகிறது. அதை மீட்கும் மருந்து இன்று கிடையாது.

செம்பனை மட்டையில் புழு விழுந்தால் மருந்தடித்துக் காப்பாற்றலாம். கனோடர்மா காளான் அடிமரத்தில் இறங்கினால், மட்டை வாடுவதற்குள் உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். (எம்.எஸ். தொற்றுநோய் கிடையாது, ஒப்புமை அந்த அளவோடு நிற்கட்டும்.)

ஆரம்பம் முதலே படிப்படியாக மோசமாகும் வகைக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தும் ஓக்ரலிசுமாப்தான். 732 பேரிடம் நடந்த சோதனையில், முடக்கம் கூடி 12 வாரம் நீடித்தது போலி மருந்து பெற்றவர்களில் 39.3 சதவீதம், இந்த மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதம். செய்தியில் 'அபாயம் 24 சதவீதம் குறைவு' என்று வரும். எனக்கு 100 பேரில் ஆறேழு பேர் தப்பினார்கள் என்று சொல்வதுதான் நேர்மையாகப் படுகிறது. இழந்த நடையை அது திருப்பித் தராது.

அப்புறம் டோலேபுருட்டினிப் என்ற மாத்திரை. சிறிய மூலக்கூறு, தடுப்பைத் தாண்டி மைக்ரோகிளியாவைத் தொடும். புதுத் தாக்குதல் இல்லாமலே மோசமாகும் இரண்டாம் கட்ட நோயாளிகளிடம், முடக்கம் கூடி ஆறு மாதம் நீடித்தது போலி மருந்து பெற்றவர்களில் 30.7 சதவீதம், இதைப் பெற்றவர்களில் 22.6 சதவீதம். ஆனால் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், இந்த மாத்திரை என்றால் ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும்.