மேனுவலில் 91, பங்கில் 95: வேகப்படகு எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல்?

சேலத்தில் வேகப்படகோ ஜெட் ஸ்கீயோ வைத்திருப்பவர்கள் குறைவு. இருப்பவர்களும் ட்ரெய்லரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவர்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது வழியில் இருக்கும் பங்கில்தான் டேங்க் நிரம்புகிறது, குழப்பமும் அங்கேதான்.

அமெரிக்கத் தயாரிப்பின் மேனுவலில் ஆக்டேன் ‘91’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஏ.கே.ஐ. கணக்கு. அதாவது ஆக்டேனை அளக்கும் ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. நம் ஊர் பங்கில் எழுதியிருக்கும் 95, 100 எல்லாம் ஆர்.ஓ.என். மட்டும். அமெரிக்க 87 இங்கே ஏறக்குறைய 91; அங்கத்திய 91 இங்கே 95; அங்கத்திய 93 இங்கே 98. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் 91-க்கு 91 என்று ஊற்றினால் நான்கு எண் குறைவு. 98 வேண்டுமென்றால் 100 ஆக்டேன் 60 சதவீதமும் 95 ஆக்டேன் 40 சதவீதமும் கலந்தால் சரியாக வரும்.

ஆக்டேன் கூடினால் வேகம் கூடும் என்பது தப்புக் கணக்கு. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல், ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேரும்வரை பொறுத்திருக்கும் தன்மைதான் ஆக்டேன். பொறுக்காமல் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். கம்ப்ரஷன் குறைந்த சாதாரண அவுட்போர்டுக்கு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) 100 ஊற்றுவது காசுக்குக் கேடு. காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்குக் குறைவாக ஊற்றுவது பிஸ்டனுக்குக் கேடு.

படகில் இது ஏன் கடுமையாகிறது? ஏற்காடு மலைப்பாதையில் கார் ஏறும்போதுகூட ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆக்சிலரேட்டரை விடுகிறோம், எஞ்சினுக்கு மூச்சு கிடைக்கிறது. தண்ணீரில் முழு த்ராட்டில் கொடுத்தால் ப்ரொப்பெல்லர் ஒரு நொடியும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நாக்கிங் சத்தமும் புகைப்போக்கி இரைச்சலிலும் அலைச் சத்தத்திலும் அமுங்கிவிடும். காதை நம்பாமல் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளோ மினுக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. அடுத்து உடைவது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய வரம்புகள்.

நாக்கிங் என்றாலே பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) அதிகமான ப்ரொப்பெல்லர் போட்டிருந்தாலும் இதே கதிதான். முழு த்ராட்டிலில் மேனுவல் சொல்லும் ஆர்.பி.எம். எல்லையை எஞ்சின் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடாவிட்டால் பிட்சை ஓர் அங்குலம் குறையுங்கள், 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை ஏறும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் தேய்ந்து எஞ்சின் சூடானாலும் நாக்கிங் வரும்.

உயரமும் கணக்கில் வரும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், அங்கே காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. சாதாரண எஞ்சின் அங்கே குறைந்த ஆக்டேனிலும் அமைதியாக ஓடும். அதை நம்பி அதே பெட்ரோலோடு கடல்மட்டத்துக்கு இறக்கினால் நாக்கிங் தலைகாட்டும்.

ஆனால் நம் ஊரில் ஆக்டேனைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால். அவுட்போர்டு மேனுவல்கள் பெரும்பாலும் 10 சதவீதம்வரைதான் அனுமதிக்கின்றன. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஆக்டேனைக் கூட்டத்தான் செய்யும், அதனால் எண்ணைப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். சிக்கல் வேறு இடத்தில். பல அவுட்போர்டுகளில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. முழு த்ராட்டிலில் பெட்ரோல் அளவு நிலையானது, இ20 ஊற்றினால் கலவை லீனாகி (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல்) வெப்பம் ஏறும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் சீஸ் ஆகும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்) வாய்ப்பும் உண்டு.

அதைவிட மோசம் தண்ணீர். பாதி டேங்குடன் மாதக்கணக்கில் நிற்கும் படகு, சேர்வராயன் மலைப் பக்கத்துப் பனியிலும் ராக்குளிரிலும் டேங்கின் காற்றுத்துளை வழியாக ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பிக்-அப் குழாய் இருப்பதும் அடியில்தான், எஞ்சின் முதலில் குடிப்பது அந்தக் கலவையை. மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனால் தந்த ஆக்டேனை இழந்து நிற்கும்.

100 ஆக்டேன் விலை கூடுதல் என்பதால் அதில் எத்தனால் இல்லை என்று நினைக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். 100 மில்லி அளவுக் குடுவையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடுவரை பெட்ரோல் விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாத இடத்தில். அடி அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை; 28 பக்கம் ஏறினால் இ20. டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டர் கட்டாயம்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் ‘5 பாயின்ட்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது அரை எண்தான்; பத்து பாயின்ட் சேர்ந்தால்தான் ஓர் ஆக்டேன் எண். சிலவற்றில் உள்ள மாங்கனீசு ப்ளக்கில் செந்நிறப் படிவாகத் தங்கும்.

குறைந்த ஆக்டேன் ஏற்கெனவே ஊற்றியாயிற்று என்றால், அரை த்ராட்டிலைத் தாண்டாமல் ஓட்டிக் கரைசேர்ந்து, மீதியில் 100 ஆக்டேன் கலந்து எண்ணைச் சரிசெய்யுங்கள். அடுக்கு பிரிந்த பெட்ரோலுக்கு அந்த வைத்தியம் செல்லாது. டேங்கை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, எரிபொருள் குழாயையும் காலி செய்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.