மணலைப் போட்டு மூடினால் தீ அணைந்துவிடாது

"அங்க நெருப்பே இல்லைங்க டாக்டர், வெறும் மணல்தான்." நான்கு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அப்பா இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். பையனின் உள்ளங்கால் இரண்டும் வெளுத்து, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தன. காவிரியில் குளிக்கப் போன குடும்பம். முந்தைய இரவு வேறு யாரோ அந்தக் கரையில் தீ மூட்டி மீன் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள், கிளம்பும்போது பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்து, கங்கின் மேல் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் பையன் நேராக அதன் மேல் ஏறி நின்றுவிட்டான். சின்னக் குழந்தைகளுக்குச் சுட்டால் உடனே விலகி ஓடத் தெரியாது, நின்ற இடத்திலேயே நின்று அலறுவார்கள்.

தீக்காயப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, ஆற்றங்கரையில் எரிகிற தீயைவிட இப்படி மூடி வைத்த தீதான் அதிகப் பயம். எரிவதைப் பார்த்தால் யாரும் ஒதுங்கிப் போவார்கள். மணலைப் பார்த்து யார் ஒதுங்குவார்கள்?

நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அதுதான் இது. ராத்திரி அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்து விடியற்காலையில் கிளறி மறுபடி பற்றவைத்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை அடுக்கி மேலே மண் பூசி மூடுவதும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கத்தான். மண்ணும் மணலும் கங்குக்குப் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: மணல் மூடிய தீ எட்டு மணி நேரம் கழித்தும் 100 டிகிரி செல்சியஸ் அளவில் கொதித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் ஊற்றியது பத்தே நிமிடத்தில் 50 டிகிரிக்கு வந்துவிட்டது. 70 டிகிரிச் சூடு ஒரு விநாடி பட்டாலே பெரியவர்களின் தோல் ஆழமாக வெந்துவிடும், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவே போதும்.

இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். அவர் அலறவே இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது மனைவிதான் பார்த்திருக்கிறார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டின் மேல் நின்றால் நின்றுகொண்டே இருப்பார்கள், அந்தப் புண் ஆறுவதும் லேசில் நடக்காது, விரலை எடுக்கும் நிலைக்குப் போகலாம். நம் ஊரில் ஆற்றங்கரை என்பது செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற இடம், குளிக்க, துவைக்க, திதி கொடுக்க, ஆடிப்பெருக்குக்குச் சோறு கட்டிக்கொண்டு போக. நாம் தீ மூட்டிய இடத்தில் நாளைக்கு யாரோ வெறுங்காலோடு நடப்பார்கள், நிச்சயமாக நடப்பார்கள்.

சரி, தீயே மூட்டக் கூடாதா? காப்புக்காட்டுக்குள் கூடவே கூடாது, சட்டமே அதைத் தடுக்கிறது. சரணாலயங்களில் காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரிகிற தீயை விட்டுவிட்டுப் போவதையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றம் என்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய பெரிய காட்டுப் பகுதி 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஆகவே பழைய பழக்கத்தில் போய் அடுப்பு வைத்துவிடாதீர்கள். மற்ற இடங்களில் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு, படித்துறையையும் நடைபாதையையும் காய்ந்த நாணலையும் விட்டுத் தள்ளி மூட்டுங்கள்.

மணலில் நேரடியாக வேண்டாம். கட்டட வேலையில் கலவை சுமக்கிற இரும்புச் சட்டி ஒன்றை எடுத்துப்போய் நாலு செங்கல்லின் மேல் வைத்து அதற்குள் எரியுங்கள், கிளம்பும்போது கரையில் ஒன்றுமே மிஞ்சாது. ஆற்றில் கிடக்கிற கூழாங்கல்லை அடுப்புக்கல்லாக வைக்கவே வைக்காதீர்கள். நெடுநாள் தண்ணீரில் கிடந்த கல்லின் விரிசல்களுக்குள் ஈரம் இருக்கும், அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல் வெடிக்கும், சில்லு கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆற்றோரம் அரளி நிறைய வளரும். அது விஷம். அந்தக் குச்சியை எரிக்கவோ அதில் மீனைக் குத்திச் சுடவோ கூடாது. விறகு ஈரமாக இருக்கிறதென்று பெட்ரோல் ஊற்றுவது பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அவ்வளவு பேரைப் பார்த்துவிட்டேன்.

அணைப்பதற்கு ஆற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, அப்புறம் ஏன் மணலைத் தேட வேண்டும்? காற்று வரும் பக்கம் நின்று, ஆவி முகத்தில் அடிக்காதபடி மெதுவாக ஊற்றுங்கள். குச்சியால் அடிவரை கிளறுங்கள். சீறல் சத்தம் நிற்கும்வரை மறுபடி ஊற்றுங்கள், இரண்டு குடம் போதாவிட்டால் நாலு குடம். புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. ஆறிய கரியைப் பையில் கட்டி எடுத்துப்போங்கள், ஆற்றில் கொட்டாதீர்கள்.

அந்தப் பையனின் காலில் பற்பசை தடவிக் கூட்டி வந்திருந்தார்கள். வழியில் யாரோ சொன்னார்களாம். அதைத் துடைத்து எடுத்த நேரம் அவன் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பற்பசை, மஞ்சள், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொலுசு, மெட்டி இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள், சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள், வண்டி இல்லையென்றால் 108. கரையில் தண்ணீர் ஊற்ற முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் வழியில் எந்தக் குழாயடியிலாவது நிறுத்தி அந்த 20 நிமிடத்தைச் செய்துவிட்டு வாருங்கள், அப்போதும் பலன் உண்டு.