கேபிள் மாற்றினால் பேஸ் கிட்டாரின் ஒலி மாறுமா?

"பிக்கப் போய்விட்டது அண்ணா, புதிதாக மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே பேஸ் கிட்டாரை என் பணிமேசையில் வைத்தார் அந்த இளைஞர். இரண்டு வாரமாகவே ஒலி மங்கிவிட்டதாம். கட்டைவிரலால் தந்தியை அடித்தால் முன்பெல்லாம் பளீரென்று தெறிக்கும் ஓசை, இப்போது மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் இருக்கிறதாம். தந்திகள் புதியவை. ஆம்ப்ளிஃபையரின் குமிழ்களையும் அவர் தொடவில்லை.

"இந்த இரண்டு வாரத்தில் வேறு என்ன மாற்றினீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை அண்ணா. நல்ல கேபிளாக ஒன்று வாங்கினேன், அவ்வளவுதான்."

இசைக்கருவிகளின் மின்பகுதியைப் பழுதுபார்ப்பது என் தொழில். தேவையில்லாமல் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பகுதியை, கழற்றிய கருவிகளை நிறையப் பார்த்திருப்பதால், திருப்புளியை எடுக்கும் முன் அந்தக் கேபிளைக் கேட்டு வாங்கினேன். விரல் தடிமன், துணிப் பின்னல் உறை, இரு முனையிலும் தங்கப் பூச்சு. நீளம் 9 மீட்டர். இரண்டு முனைகளையும் எதிலும் செருகாமல் விட்டு, மல்டிமீட்டரை மின்தேக்குத் திறன் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அளவு) அளக்கும் நிலைக்குத் திருப்பி, ஒரு முள்ளை பிளக்கின் நுனியிலும் மற்றொன்றை அதன் உடலிலும் வைத்தேன். 1.35 நானோஃபாரட், அதாவது 1350 பைக்கோஃபாரட் காட்டியது. அவருடைய பழைய கேபிள் பையின் அடியில் கிடந்தது. உறை வெளுத்துப்போன 3 மீட்டர் கேபிள். அதையும் அளந்தேன்: 330. பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். கேபிளைப் பற்றிய வாக்குவாதங்கள் எல்லாம் இந்த ஓர் இடத்தைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். கேபிள் என்பது நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதன் மேல் வலைபோன்ற செம்புக் கவசம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்கடத்தாப் பொருள் இருந்தால் அது மின்தேக்கிதான். நாம் அதைக் கேபிள் என்று அழைக்கிறோம், அவ்வளவே. சாதாரணமாக ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் சேரும். தயாரிப்பைப் பொறுத்து இது 60க்கும் இறங்கும், 150க்கு மேலும் ஏறும். சுருளும் மின்தேக்கியும் இணைந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த இடத்தில் ஒலி சற்றே மேடிட்டு எழும்; அதைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரியும். அந்த மேடு எங்கே அமைகிறது என்பதுதான் பேஸின் குரல். கேபிள் நீண்டால் மேடு கீழே இறங்கிவிடும்.

அவருடைய பிக்கப்பின் தூண்டலை (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவை) அளந்தபோது ஏறத்தாழ 4 ஹென்றி இருந்தது. சுருளுக்கே உரிய தேக்கமாக ஒரு 100 பைக்கோஃபாரட்டைச் சேர்த்துக் கணக்கிட்டால், பழைய கேபிளில் ஒத்ததிர்வு 3800 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. புதிய கேபிளில் 2100. இரண்டுக்கும் நடுவில்தான் கட்டைவிரல் அடியின் தெறிப்பு, தந்தி ஃபிரெட்டில் உரசும் ஓசை, பிளெக்ட்ரம் படும் கூர்மை எல்லாம் குடியிருக்கின்றன. அதிகப் பணம் கொடுத்து அதைத்தான் அவர் இழந்திருந்தார்.

அப்படியானால் அடிநாதம் போய்விடுமா? போகாது. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மெல்லிய தந்தியை இருபதாவது ஃபிரெட்டில் அழுத்தினாலும் அடிப்படைச் சுரம் 311 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அந்தப் பகுதியை எந்த நீளக் கேபிளும் அசைப்பதில்லை. "இந்தக் கேபிள் போட்டால் பேஸ் கனமாகும்" என்று யாராவது சொன்னால், மேல்பகுதி குறைந்ததால் கீழ்ப்பகுதி கூடியதுபோல் காது உணர்கிறது என்றுதான் பொருள். கேபிள் எதையும் புதிதாகச் சேர்க்காது.

வால்யூம் குமிழை எப்போதும் முழுதாகத் திறந்தே வாசிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியாமலே போய்விடுகிறது. குமிழ் ஒன்று மட்டும் உள்ள கருவியில், 250 கிலோ ஓம் தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில் அதை நிறுத்தினால், கேபிளுக்கு முன்னால் 60 கிலோ ஓமுக்கு மேல் தடை வந்து நிற்கும். அந்த 9 மீட்டர் கேபிளோடு சேரும்போது 1900 ஹெர்ட்ஸ் அளவிலேயே சரிவு தொடங்கிவிடும். சத்தத்தைக் குறைத்தால் தெளிவும் சேர்ந்து குறைகிறதே என்று குழம்புபவர்கள் முதலில் கேபிளின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பாஸிவ் பேஸுக்கு, அதாவது உள்ளே பேட்டரி இல்லாத கருவிக்கு மட்டுமே. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் இந்த வகை. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்றவற்றில் கருவிக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (சிறிய முன்பெருக்கி) இருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் மின்குறிப்புக்குப் பின்னால் நிற்பது ஓரிரு கிலோ ஓம் தடைதான். 1000 பைக்கோஃபாரட் கேபிளைப் பொருத்தினாலும் சரிவு தொடங்குவது நம் காது கேட்கும் எல்லைக்கு மிக அப்பால். ஆகவே இப்படிப்பட்ட ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர் தொனிக்காகக் கேபிள் மாற்றுவது வீண் செலவு. (அவர்களுக்கு ஒன்று மட்டும்: பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் பிளக்கைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு நடுவில் ஒலி கரகரத்து அடங்கியதாகச் சொல்லிக் கொண்டுவரப்படும் பல கருவிகளுக்கு நான் செய்யும் பழுதுபார்ப்பு, 9 வோல்ட் பேட்டரியை மாற்றுவதுதான்.)

தங்கப் பூச்சு துருவைத் தடுக்கும், தொனியை மாற்றாது. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்பதும் அப்படியே. பல ஆயிரம் ஓம் தடையுள்ள பிக்கப்புக்குப் பின்னால் வரும் கேபிளின் தடை ஒன்றிரண்டு ஓம்கூட இருப்பது அரிது. அதில் செம்பின் தூய்மையால் என்ன மாறிவிடும்? உறையில் அச்சிட்ட அம்புக்குறியைப் பார்த்துத் திசை தேட வேண்டியதில்லை. ஒலிக்குரிய மின்னோட்டம் ஒரு நொடியில் பலமுறை முன்னும் பின்னும் போய்வருவது. கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்த சில வகைக் கேபிள்களில் மட்டும் அந்த அம்புக்குப் பொருள் உண்டு, அதுவும் இரைச்சலுக்காக.

பணத்தைக் கொடுக்க வேண்டிய இடம் வேறு. கவசம் அடர்த்தியாக இருக்கிறதா? உள் பிளாஸ்டிக்கின் மேல் கரும்படலம் ஒன்று இருக்கிறதா? அது இல்லாத கேபிளை மிதித்தாலே ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளக்கைத் திருகித் திறக்க முடிகிறதா? என் மேசைக்கு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை சாவது முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான். அண்மையில் ஒன்றைத் திறந்தேன். கவசத்தின் இழைகளில் நான்கைந்துதான் ஈயப்பற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன; மற்றவை அறுந்து, நடுக்கம்பியைத் தொடும் தூரத்தில் விறைத்து நின்றன. ஈயப்பற்றோ பளபளப்பு இல்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டு, தகட்டோடு சேராமல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பியதும் கழன்று வந்தது. அரை அங்குலம் வெட்டி, இழைகளை முறுக்கி, தகட்டை நன்றாகச் சூடாக்கிப் புதிதாக ஈயம் ஓடவிட்டேன். பத்து நிமிட வேலை. திறக்க முடியாத வார்ப்பு பிளக்காக இருந்திருந்தால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையர் தலைப்பகுதிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். பிளக் ஒரே 6.35 மில்லிமீட்டர்தான், பொருந்தும். அந்தப் பொருத்தம்தான் ஆபத்து. நூற்றுக்கணக்கான வாட் சக்தியைத் தாங்கும் தடிமன் அந்த நடுக்கம்பிக்கு இல்லை. சூடேறி, உள் பிளாஸ்டிக் உருகி, குறுக்கிணைப்பு ஏற்பட்டால் ஆம்ப்ளிஃபையரே பழுதாகலாம். ஸ்பீக்கர் கேபிளைக் கருவிக்குப் போட்டால் சேதம் இல்லை. கவசம் இல்லாததால் ஓயாமல் உறுமும்.

நான் சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நண்பர் ஒருவரை உங்களுக்குப் பின்னால் நின்று கேபிளை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். எந்த முறை எது என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். சில முறை மாற்றாமலே மாற்றியதுபோல் பாவனை செய்யட்டும். ஒரே வரியை ஒரே அழுத்தத்தில் வாசித்து, எது எது என்று நீங்கள் சொல்லுங்கள். ஒரே நீளமும் ஒரே தேக்குத் திறனும் உள்ள இரண்டு கேபிள்களை அப்படிப் பிரித்துச் சொன்னவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. 3 மீட்டரையும் 9 மீட்டரையும் பலர் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தத் தம்பிக்கும் அதையே செய்து காட்டினேன். எட்டு முறையில் எட்டும் சரியாகச் சொன்னார். மேடையில் நடமாட அவருக்கு நீளம் தேவைப்பட்டது. அதனால் கருவிக்கும் முதல் பெடலுக்கும் நடுவே பழைய 3 மீட்டர் கேபிளையும், பஃபர் (பின்னால் வரும் கேபிளின் பாதிப்பு பிக்கப்பை எட்டாமல் தடுக்கும் சிறு மின்சுற்று) உள்ள அந்தப் பெடலிலிருந்து ஆம்ப்ளிஃபையர்வரை புதிய 9 மீட்டரையும் போடச் சொன்னேன். தெறிப்பு திரும்பிவிட்டது. பிக்கப்பை நான் தொடவே இல்லை. கிளம்பும்போது நின்று, மெதுவான பாட்டுகளுக்கு மட்டும் அந்த நீளக் கேபிளை நேராகச் செருகிக்கொள்ளலாமா, அந்த மங்கலும் ஒரு விதத்தில் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். தாராளமாக என்றேன்.