செம்பருத்தி குடித்தால் இரத்தம் ஊறுமா?

மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி கேட்பது இது. பலர் கேட்பதுகூட இல்லை, குடித்துக்கொண்டேதான் வருகிறார்கள். "மாத்திரை தின்னா வாந்தி வருது, வெளிக்குக் கருப்பாப் போகுது டாக்டரம்மா. அதான் நிப்பாட்டிட்டுப் பூவப் போட்டுக் குடிக்கிறேன்" என்பார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துப்போயிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை வீட்டில் பிரிக்காமல் கிடக்கும்.

நான் சித்த மருத்துவர். செம்பருத்தி எங்கள் மருந்துகளில் உண்டு, மணப்பாகு என்ற இனிப்புப் பாகாகச் செய்து நாங்களே கொடுக்கிறோம். ஆனாலும் இரத்தசோகைக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை மட்டும் நம்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பூ சிவப்பாக இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமியால். இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் உருவாக உடம்புக்கு வேண்டியது இரும்பு. நிறம் ஒன்றாக இருப்பதோடு சரி, இரண்டுக்கும் வேறு உறவு கிடையாது. வீட்டிலேயே பார்க்கலாம்: பூவிதழை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும், சமையல் சோடாவைப் போட்டால் பச்சையாக மாறும். பள்ளிப் பிள்ளைகள் அமிலம், காரம் கண்டுபிடிக்க இதைத்தான் செய்கிறார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சில வீடுகளில் ஊதாவும் நீலமும் கலந்த நிறம் வரும். "பூ கெட்டுப்போச்சா?" என்று பாட்டிலோடு வந்து கேட்டவர்கள் உண்டு. பூ கெடவில்லை. தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் அப்படித்தான் வரும்.

இரத்தசோகை இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, 180 நாள் சாப்பிட வேண்டும். நாலைந்து பூவில் அந்த இரும்பு கிடைக்காது. மலம் கறுப்பாவது உடம்பு எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டல்தான் பிரச்சினை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிப் பாருங்கள், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. டீ, காபி, பூத்தண்ணீர், கால்சியம் மாத்திரை எதையும் இதோடு சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். பாசி எடுக்கக் கடலில் முங்குகிற பெண்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரையில் தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம், தண்ணீருக்குள் அது முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரையில் செம்பருத்திச் செடிக்கே இரும்புச்சத்துக் குறைபாடு வருகிறது. கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நம் கடலோர மணலில் சிப்பியும் பவளச் சுண்ணாம்பும் கலந்து கிடப்பதால் மண்ணில் சுண்ணாம்புச்சத்து அதிகம். அங்கே இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இது தெரியாமல் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள், செடி இன்னும் நொந்துபோகிறது. உரக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள், ஃபெரஸ் சல்பேட்தான் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் இரத்தசோகைக்குக் கொடுக்கும் மருந்து என்பதால், உரக்கடைச் சரக்கையே வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்த ஆளும் உண்டு. அது மருந்துக்காகச் சுத்திகரிக்காதது, உள்ளுக்கு நஞ்சு. இரும்பு மாத்திரையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். மிட்டாய் என்று நினைத்து நிறையத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பழைய இலைகள் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கருகி வந்தால் நோய் வேறு. அது உப்பு. இங்கே பெரும்பாலான செடிகள் சாவது இதனால்தான். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் வந்த பிறகு, அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவிவிட்டது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உவர்ப்பான தண்ணீரிலிருந்து நல்லதை வடித்துவிட்டு மிச்ச உப்பையெல்லாம் சுமந்து வருகிற தண்ணீர் அது. தரை கழுவட்டும், கக்கூஸுக்கு ஊற்றட்டும், செடிக்கு வேண்டாம். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னால் எல்லோரும் அடிக்க வருவார்கள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் போதும்.

குச்சி நடப் புரட்டாசிக் கடைசியோ ஐப்பசியோ சரியான காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நல்ல தண்ணீர் தானாகவே கிடைக்கும். பென்சில் தடிமனில், ரொம்ப முற்றாத, இளசாகவும் இல்லாத கிளையை ஓர் அரையடி நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றுங்கள். வெறும் கடல் மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்தால் ஈரம் பிடிக்கும். தேங்காய் நார்க்கழிவு போடுகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும், அதிலேயே உப்பு இருக்கும். செடியைச் சுற்றிப் பனையோலையோ தென்னை மட்டையோ பரப்பினால் ஈரம் காயாது, கீழே இருக்கும் உப்பும் மேலே ஏறிப் படியாது. மழை முடிவதற்குள் ஒரு முறை தொட்டி நிரம்பி அடியில் வழிகிற அளவுக்கு மழைத்தண்ணீரை ஊற்றிவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து இறங்கிவிடும்.

அப்புறம் காற்று. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து இலையை அறைகிற இடத்தில் செம்பருத்தி தேறாது. வீட்டின் கிழக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்தால் பிழைக்கும். வேலியில் பூவரசு இருந்தால் காற்றுக்குத் தடுப்பு, அது உப்பை நன்றாகத் தாங்கும். செம்பருத்தி, பூவரசு, துத்தி, பருத்தி, வெண்டை எல்லாம் ஒரே குடும்பம். பருத்தியில் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி பூவரசங்காயையும் மொய்க்கும், அங்கிருந்து செம்பருத்திக்கும் வரும். அதற்காகப் பூவரசை வெட்டச் சொல்ல மாட்டேன், பூச்சியைத் தட்டிவிட்டால் போயிற்று.

மாவுப்பூச்சிதான் தொல்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோட்டங்களில் விட்ட பிறகே அது அடங்கியது. அந்தக் குளவி கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சின்னது. கடை மருந்தை அடித்தால் முதலில் சாவது அதுதான். வெள்ளை படிந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, மற்ற இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு காதி சோப்புக் கரைசலோடு கலக்கி வாரம் ஒருமுறை தெளிக்கலாம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

சரி, வளர்த்த பூவை என்ன செய்வது? தலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எல்லோரும் பூவைத் தேடுகிறார்கள், நான் இலையைச் சொல்வேன். இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பு அழுக்கை எடுக்கும், முடியை வறட்டாது. 2003இல் வெளியான ஆய்வொன்றில் எலிகளின் மேல் தடவிப் பார்த்தபோதும் முடி வளர்ச்சிக்குப் பூச்சாற்றைவிட இலைச்சாறுதான் மேலாக இருந்தது. எலிக்கு வந்தது நமக்கும் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் இலைக்குச் செலவில்லை, வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் பூவின் ஈரத்தை நிழலில் நன்றாக வாட்டிவிட்டு, சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். ஈரம் மிஞ்சினால் நம் கடற்காற்றில் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். பூவைக் காயவைப்பதிலும் இதே தொல்லைதான். மொறுமொறுப்பாகக் காயாததைப் பாட்டிலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உள்ளுக்கு என்றால் ஐந்திதழ் ஒற்றைப் பூ, காலையில் பறித்தது, காம்பும் பச்சைப் புல்லியும் மகரந்தத் தண்டும் நீக்கி, நாளைக்கு நாலைந்து. உணவு அளவில் அது போதும். மணப்பாகு என்பது பாதிக்கு மேல் சர்க்கரைப் பாகு. நீரிழிவுக்காரர்கள் அதை மருந்து என்று நம்பி ஸ்பூன் ஸ்பூனாகக் குடிப்பதைப் பார்க்கிறேன்.

இன்னொரு குழப்பம் கீழக்கரைப் பக்கம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கர்க்கதே என்று காய்ந்த சிவப்புச் சரக்கு கொண்டுவருகிறார்கள். "செம்பருத்தி டீ பிரஷரைக் குறைக்கும்" என்று செய்தியில் வருவது இதைப் பற்றித்தான். அது புளிச்சக்கீரை வகைச் செடி. காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவந்த புல்லிதான் அந்தச் சரக்கு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இலேசான இரத்தக்கொதிப்போ அதற்கு முந்தைய நிலையோ உள்ள 65 பேரில் ஒரு பகுதியினருக்கு அதை நாளைக்கு மூன்று கோப்பை, ஆறு வாரம் கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான். அதை நம் வாசல் செம்பருத்தியின் கணக்கில் எழுத முடியாது. கர்க்கதே குடிப்பவர்களும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து அளவு ரொம்ப இறங்கித் தலை சுற்றவும் கூடும் என்பதால், குடிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ஒரு கையில் பூத்தண்ணீரும் மறு கையில் கருவாட்டுத் துண்டுமாக உட்கார்ந்துகொண்டு பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று கேட்பதும் நடக்கிறது.

கர்ப்பிணிகளும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் செம்பருத்தியை மருந்தாக உள்ளுக்கு எடுக்க வேண்டாம். எலிகளில் செய்த சோதனைகளில் பூவின் சாறு கரு தங்குவதைத் தடுத்திருக்கிறது. நாள் தள்ளிப்போனால் இதை அரைத்துக் குடிக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை வாங்கி வந்த அன்றே பூவைப் பறித்து வாயில் போடாதீர்கள். விற்பனைக்கு வளர்க்கும் செடிகளுக்கு வேர் வழியாக உள்ளே ஏறும் பூச்சிமருந்து போட்டிருப்பார்கள், செடியைக் குட்டையாக வைக்க மருந்தும் கொடுத்திருக்கலாம். பழைய கிளைகளை ஒரு முறை கவாத்து செய்து, சில மாதம் கழித்துப் புதிய கிளையில் வரும் பூவை எடுங்கள். அதுவரை அந்தப் பூ சாமிக்கு.