விண்டோஸ் 11-க்குப் பணம் கட்டுவதற்கு முன்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடந்த வாரம் தம் மடிக்கணினியை என் மேசையில் வைத்து, "தம்பி, விண்டோஸ் 11 கீ தப்பா இருக்கு, வித்தவங்ககிட்ட நீங்களே பேசுங்க" என்றார். இணையத்தில் யாரோ விற்ற அந்தக் கீயை, அதாவது உரிம எண்ணை, 1,200 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். கீயில் ஒரு தவறும் இல்லை. அவருடைய 2016-ஆம் ஆண்டு மடிக்கணினியில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசர். எந்தக் கீயைக் கொடுத்தாலும் அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கீ என்பது உரிமம் மட்டுமே. அது கணினியின் தகுதியை உயர்த்தாது. முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 உங்களிடம் இருந்து, கணினிக்கும் தகுதி இருந்தால், விண்டோஸ் 11 இலவசமாகவே கிடைக்கும்; கீ எதுவும் கேட்காது. தகுதி இல்லையென்றால் பணம் கொடுத்தும் பயனில்லை. ஆகவே விண்டோஸ் 10 வைத்திருப்பவர் 11-க்காகக் கீ வாங்குவது இரண்டு வகையிலும் வீண் செலவு என்பதை எத்தனை முறை சொன்னாலும், மறுநாள் இன்னொருவர் ரசீதோடு வந்து நிற்கிறார்.

தகுதியை அறிய மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவசச் செயலி போதும். பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, கணினி தொடங்கும்போதே தீய நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். 'டிபிஎம் இல்லை' என்று வந்தவுடன் புதுக் கணினி வாங்க ஓட வேண்டாம். அசெம்பிள் செய்த கணினிகளில் பல சமயம் அது பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) அணைந்திருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கினால் போதும்.

'கணினி மெதுவாக இருக்கிறது, புது விண்டோஸ் போட்டால் வேகமாகும்' என்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய ஹார்டு டிஸ்கை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். தலைமையாசிரியருக்கு நான் செய்தது எஸ்எஸ்டி மாற்றம் மட்டுமே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் அது இயங்காமல் போய்விடவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வைத்திருக்கும் தனிநபர்கள், நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்தால், 2026 அக்டோபர் 13 வரை அவற்றைப் பெறலாம். அவரையும் அதில் சேர்த்துவிட்டேன்.

உண்மையில் பணம் கட்ட வேண்டியவர்கள் சிலரே: உரிமமே இல்லாமல் கணினி அசெம்பிள் செய்தவர்கள், அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் இணையவோ வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே தம் கணினிக்குள் நுழையவோ விண்டோஸின் ஹோம் பதிப்பிலிருந்து புரோ பதிப்புக்கு மாறுகிறவர்கள். அவர்களும் அடிமாட்டு விலைக் கீயைத் தொடாதீர்கள். நிறுவனங்களுக்கென வழங்கிய மொத்த உரிமங்களைப் பிரித்து விற்பதும் இதில் உண்டு, அவை எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். ஆக்டிவேட் செய்ய ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் மென்பொருளை நிறுவிவிட்டு, பிறகு கோப்புகளைக் காணோம் என்று என்னிடம் வராதீர்கள்.

மேம்படுத்த முடிவெடுத்தால் முதலில் பேக்கப். கணக்கர்கள் டேலியின் பதிப்பையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரையும் முன்கூட்டியே சரிபாருங்கள். வரித் தாக்கலின் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம். தயவுசெய்து இன்னொன்றும் செய்யுங்கள்: வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். கணினி அதைக் கேட்கும் நாளில் அந்த எண் உங்களிடமோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ இல்லையென்றால், உள்ளிருக்கும் படங்களையும் கணக்குகளையும் என்னால் மீட்டுத் தர இயலாது.