புதுக் கீபோர்டு வாங்கும் முன் நம்லாக் விளக்கைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் புதுசு ஒன்றையும் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். "புதுசும் எடுக்க மாட்டக்கு அண்ணாச்சி" என்பார்கள். எப்படி எடுக்கும்? பாதிக் கேஸில் கோளாறு கீபோர்டிலேயே இருக்காது.

முதலில் நம்லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. தட்டிய தகவல் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வந்தால்தான் எரியும், அணையும். விளக்கு மாறினால் வயரும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன. விண்டோஸுக்குள் தேட வேண்டியதுதான்.

லேசாகத் தட்டினால் எழுத்து வராமல், அழுத்திப் பிடித்தால் மட்டும் வருகிறதா? அது ஃபில்டர் கீஸ், லேசான தட்டலைக் கணக்கில் எடுக்காத விண்டோஸ் வசதி. வலப்பக்க ஷிஃப்டை 8 வினாடி பிடித்தால் கேள்வி ஒன்று வரும். படிக்காமல் ஓகே கொடுத்தால் ஆன் ஆகிவிடும். அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ்மில் ஒன்றில் கணக்கு நோட்டைக் கீபோர்டு மேலேயே சாய்த்து வைப்பார்கள். அங்கே இதே கதைதான்.

பின்பக்கம் வட்டப் பின் உள்ள பிஎஸ்/2 கீபோர்டு என்றால் ஊதா நிறத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள், பச்சை மவுஸுக்கு. சிபியூ ஓடும்போது இதைப் பிடுங்கவோ சொருகவோ கூடாது. ஓட்டத்தில் மாற்றுவதற்காகச் செய்த போர்ட் அல்ல அது. மதர்போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடலாம். உள்ளே ஆறு பின். ஒன்று வளைந்தாலும் போதும். உவரி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

யூஎஸ்பி கீபோர்டு விண்டோஸ் வந்தபிறகு ஓடுகிறது, அதற்கு முன் பயாஸில் (விண்டோஸ் வருமுன் மதர்போர்டு ஓட்டும் செட்டிங் திரை) ஓடவில்லை என்றால், அங்கே யூஎஸ்பி கீபோர்டை ஓடவைக்கும் 'யூஎஸ்பி லெகசி சப்போர்ட்' என்ற செட்டிங் அணைந்திருக்கலாம். கூடவே தேதியும் பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி காலி. சிஆர்2032, 3 வோல்ட், பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். அது தீர்ந்தால் நாம் வைத்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த செட்டிங்கை மாற்ற பயாஸுக்குள் போகவே ஓடுகிற கீபோர்டு ஒன்று வேண்டும். 'கீபோர்டு இல்லை, எஃப்1 அழுத்தவும்' என்று அது கேட்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியாது. வட்டப் பின் கீபோர்டுக்கு அந்த செட்டிங் தேவையில்லை. அதனால்தான் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

யூஎஸ்பியை வட்டப் பின்னாக்கும் சின்ன அடாப்டரை நம்பாதீர்கள். உள்ளே வெறும் வயர்தான். இரண்டு முறைக்கும் செய்த கீபோர்டில் மட்டும் ஓடும். இப்போது வருபவற்றில் பல அப்படியில்லை. உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 7 போடும்போது நீல யூஎஸ்பி துளையில் கீபோர்டு செத்துப்போனது போல் நிற்கும். அதில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது; பழைய கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் கறுப்புத் துளைக்கு மாற்றினால் போதும்.

கடைக்குத்தான் வர வேண்டும் என்றால் சிபியூவோடு அந்தக் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் கீபோர்டில் ஓடிவிட்டது என்று அனுப்பி, வீட்டுக்குப் போனதும் நீங்கள் மறுபடி போன் போடும் வேலை மிச்சம்.